முன்சில்லு

பெட்டிக்குள் எட்டுப் பேரின் பற்கள்.
ஜம்பட்டா வீதியில் ஏற்றினால்
பத்து மணிக்கு முன் வெள்ளவத்தையில் இறக்க வேண்டும்.
பிறேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும்
பிடி என் இரண்டு விரல்களைத் தள்ளும், விடும், தள்ளும்.
ஹாண்டில் நடுங்கும்.
பின்னால் எட்டு வாய்களும்
ஒரே குளிரில் கிடுகிடுக்கும்.

கொள்ளுப்பிட்டிச் சந்தியில்
பக்கத்து ஓட்டோவிலிருந்த பள்ளிக்கூடப் பிள்ளை
திரும்பித் திரும்பிப் பார்த்தது.
"பல்லு" என்றேன்.
பிள்ளை தன் வாயை மூடிக்கொண்டது.

முதலில் பாட் மாற்றினேன், மலிவானது.
பிறகு விலை கூடியது.
பிறகு வெசாக் லீவுக்கு மூன்று நாள் முந்தி
பஞ்சிகாவத்தையில் தட்டே வாங்கினேன்:
நடு வேறு, விளிம்பு வேறு,
ஊசிகளில் தொங்கி மிதக்கும் தட்டு,
அலைபோல் வெட்டிய ஓரம்,
இருபத்தாறாயிரம்.
ரப்பர் குழாய்க்குப் பதில் எஃகு நூல் பின்னிய குழாய்,
அது தனியாக ஒன்பது.
சீட்டுக் காசு.
துஷாந்தி கேட்டாள்:
நிக்கிறதுக்குத்தானே, இவ்வளவா?

நிற்கத்தான்.

இக்றாமின் கராஜ் என்பது
மாளிகாவத்தையில் ஒரு மாடிப்படியின் அடிப்பக்கம்.
பழையதைக் கழற்றினார், புதியதைப் பூட்டினார்,
குழாயில் காற்றெடுத்தார்.
நான் பிடியை அமத்த, அவர் நிப்பிளைத் திறக்க,
அமத்து, பிடி, விட்டிராத, ம்.
தேநீர் நிறத்தில் குமிழ்விட்டு வந்த எண்ணெய்
மெல்லத் தெளிந்தது.
ஆமர் வீதி முனை வரை ஓடிப் பார்த்தேன்.
அதே துடிப்பு.
முப்பத்தையாயிரம் ரூபாய்த் துடிப்பு.

இக்றாம் ஒன்றும் பேசவில்லை.
லேத்துக்காரரிடம் டயல் கேஜ் கடன் வாங்கி வந்தார்.
சில்லைச் சுற்றச் சுற்ற
முள் ஒரே இடத்தில் துள்ளியது.
தட்டைக் கழற்றி ஒரு துளை தள்ளிப் பூட்டினார்.
துள்ளல் தட்டோடு நகரவில்லை,
சில்லோடே நின்றது.
"தட்டில ஒண்டுமில்ல" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"பழசிலயும் இருந்திராது."

ஹப்பின் முகத்தில்
தட்டு உட்காரும் வளையத்தில்
கடற்காற்றும் மழையும் பொரிய வைத்த துரு,
ஒரு செதில்.
சவர பிளேடால் சுரண்டி
என் உள்ளங்கையில் வைத்தார்.
ஊதினால் போய்விடும்.
விளிம்புக்கு வந்து சேரும்போது
எட்டு வாய் கிடுகிடுக்க அது போதும்.

புதியதைத் திருப்பிக் கொடுக்கலாமா என்றேன்.
"பூட்டின தடம் விழுந்திட்டு. எடுக்க மாட்டான்."
பழைய தட்டை ஸ்பானரால் ஒருமுறை தட்டிப் பார்த்தார்.
நல்ல ஓசை.
படியோரம் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்,
மேல்மாடிக்காரர் கூப்பிடுவதற்கு.

விடிய ஐந்து மணி, காலிமுகத்திடல்.
பாட்டும் தட்டும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும்:
ஓடு, மெதுவாக்கு, நிறுத்தாதே, ஓடு.
முப்பது தடவை என்றார் இக்றாம்.
பன்னிரண்டாவதில் விசில்.
அடையாள அட்டை.
என் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்கும் வரை
அலை இரண்டு தடவை வந்து போனது.
என்ன செய்கிறாய் என்றார் சிங்களத்தில்.
பிறேக்கைப் பழக்குகிறேன் என்றேன் சிங்களத்தில்.
டோர்ச்சைத் தாழ்த்தித்
தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.
"என்னுடையதும் உதறுகிறது. எவ்வளவு போனது?"
துருவைச் சொன்னேன்.
பிளேடைச் சொன்னேன்.
அவர் நம்பவில்லை.
தட்டின் விலையை மட்டும்
உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

இன்றைக்கு ஒன்பது பேர்.
கொள்ளுப்பிட்டிச் சந்தி, சிவப்பு.
இரண்டு விரல்.
நின்றது.
பின்னால் ஒரு சத்தமும் இல்லை.
பச்சை விழுந்தும் போகாமல் ஓரங்கட்டி,
பஸ்காரன் ஹோர்ன் அடிக்க அடிக்க,
பெட்டியைத் திறந்து எண்ணினேன்.
ஒன்பது பேரும் இருந்தார்கள்.